கல்யாணக் காரில் சிவப்பு ஒயர்

கியூபாவின் சியென்ஃபுவேகோஸ் நகரில், கடற்கரைச் சாலையில் அந்தப் பழைய பச்சைக் கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. ஓட்டி வந்தவள் மணமகளேதான். ஒடாலிஸ் தன் டாக்ஸியை இன்னொருவர் கையில் கொடுத்ததே இல்லை, கல்யாணத்தன்றும்கூட.

பதினொரு மணிக்குத் திருமணப் பதிவு மாளிகையில் அவர்கள் முறை. தவறினால் அடுத்த தேதி கிடைக்க மாதக்கணக்காகும். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை ரெய்னியர் மீன்பிடிக் கப்பலில் கிளம்பிவிடுவான்.

"பெட்ரோல் இருக்கா?" பின் சீட்டில் கேக்கை மடியில் வைத்திருந்த மாமியார் சொராய்தா கேட்டாள்.

"இருக்கு அத்தை. பொறிதான் வரல."

வெள்ளை உடையை முழங்காலுக்கு மேல் முடிந்துகொண்டு ஒடாலிஸ் பானெட்டைத் தூக்கினாள். மரநிழலில் டோமினோ ஆடியவர்கள் ஆட்டத்தை விட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"பிளக் போயிருக்கும்மா," என்றார் ஒருவர்.

"காயிலு!" என்றார் இன்னொருவர்.

"மாப்பிள்ளைய மாத்திப் பாரு, ஓடும்!"

"மாப்பிள்ளைதான் தள்ளப் போறாரு. நீங்களும் கூட நில்லுங்க," என்றபடி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினாள். உள்ளே தொட்டுத் தொட்டு விலகிப் பொறி தரும் பாயிண்ட், போன வாரம் போட்ட புதுசு, கருகிக் கிடந்தது. மின்சாரம் அளவுக்கு மேல் பாய்ந்திருக்க வேண்டும். சாவியிலிருந்து காயிலுக்கு வரும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். பளபளவென்று ஒரு சிவப்பு ஒயர் தட்டுப்பட்டது.

"இங்க ஒரு சுருள் கம்பி இருந்துச்சே?"

ரெய்னியர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினான். "அந்தத் துருப்பிடிச்ச ஸ்பிரிங்கா? கல்யாண வண்டியாச்சேன்னு நேத்து நல்ல செம்பு ஒயரா மாத்திட்டேன். உனக்குச் சொல்லாம செய்யணும்னு..."

டோமினோக்காரர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். ரஷ்யக் காயில் போட்ட அமெரிக்கக் கார் எப்படி ஓடுகிறது என்று அந்தத் தெருவில் அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

"அது ஸ்பிரிங் இல்லடா, கரண்ட் அடுப்போட சுருள். காயிலுக்குப் போற கரண்டைக் குறைக்கிறதே அதுதான்."

கோபப்படத்தான் நினைத்தாள். ஆனால் ஒயரின் இரு முனைகளிலும் வலை பின்னுகிறவனின் பொறுமையோடு டேப் சுற்றியிருந்தது. எத்தனை நேரம் குனிந்து கிடந்தானோ. "முட்டாள்," என்றாள், அந்தச் சொல் செல்லமாகத்தான் வெளியே வந்தது.

"யார் வீட்டுலயாவது பழைய அடுப்புச் சுருள் இருக்கா?"

மாடியிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "அறுந்தது ஒண்ணு இருக்கு. கேக்குல ஒரு துண்டு தருவியா?"

"ரெண்டு தர்றேன், சீக்கிரம் இறங்கும்மா!" என்றாள் சொராய்தா.

மாமியாரின் நகம் தேய்க்கும் அரத்தால் பாயிண்டைச் சுத்தம் செய்து, சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்து அதன் கனத்துக்கு இடைவெளி வைத்தாள் ஒடாலிஸ். ஒயருக்குப் பதில் சுருளில் ஒரு துண்டை, வண்டியின் இரும்பில் படாமல் பொருத்தினாள். சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமியது. தெருவே கைதட்டியது.

மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் முறை தாண்டி, அடுத்த ஜோடியும் கையெழுத்துப் போட்டுப் போயிருந்தது. பதிவாளர் அம்மாள் பையை மாட்டிக்கொண்டு எழுந்திருந்தார். ஒடாலிஸின் கரிபடிந்த கைகளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு, மறுபடி உட்கார்ந்து, மணமக்களுக்கு வாசிக்க வேண்டிய குடும்பச் சட்டத்தை வாசித்தார்.

"...வீட்டு வேலைகளைக் கணவனும் மனைவியும் சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும்."

"கார் வேலையும் அதுல சேருமா மேடம்?" என்றாள் ஒடாலிஸ்.

"அதை நீங்களே பேசிக்குங்க. எனக்குப் பசிக்குது."

"இனி உன்னைக் கேக்காம வண்டியைத் தொட மாட்டேன்," என்று பேனாவுக்குக் கைநீட்டினான் ரெய்னியர். "கழுவ மட்டும் விடு."