இன்னொருக்கா

"கட்டை அவுத்து விடுங்க மிஸ்ஸி," என்று பேச்சியம்மா மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

அவள் புருஷனின் இரண்டு கைகளும் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டப்பட்டிருந்தன. குடல் முறுக்கிக்கொண்டதற்கு ஆபரேஷன் நடந்து இரண்டு நாள். விடியற்காலையில், தேயிலை மலையில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவதாக நினைத்துக்கொண்டு, மூக்கிலிருந்த குழாயைப் பிடுங்கி எறிந்திருந்தார்.

"அவிழ்த்தால் திரும்பவும் இழுப்பார்," என்றாள் யாழ்ப்பாணத்து நர்ஸ். கொஞ்சம் யோசித்து, வெளிச்சம் வரட்டுமென்று ஜன்னல் திரையை முழுக்க விலக்கினாள். "சரி, ஒரு கையை அவிழ்த்து விடுறன். முழிக்கிற நேரமெல்லாம் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. இது எந்த இடம், என்ன கிழமை எண்டு சொல்லுங்கோ. புத்தி தடுமாற விடாதேங்கோ."

"பேரைச் சொல்லியா?"

"பின்ன?"

இருபத்தாறு வருஷமாக அவள் அந்தப் பேரைச் சொன்னதில்லை. தோட்டத்து ஆபீசில் கேட்டால் மகள் பூரணிதான் சொல்வாள். அவர் பேரில் பாதி 'அழகு' என்பதால், பேச்சியம்மா ஒரு பூவைப் பார்த்தால்கூட 'நல்லாருக்கு' என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

"இங்க பாருங்க. பூரணி அப்பா. இது ஆஸ்பத்திரி. இன்னைக்கு வெசாழக்கெழமை."

அவர் பார்வை அவளைத் தாண்டிப் போயிற்று. "கங்காணி வாராரு. நெரையை முடிச்சிரணும்." அவிழ்த்த கை மூக்குக்கு உயர்ந்தது.

பிடித்தாள். கை நெருப்பாய்ச் சுட்டது. பக்கத்துக் கட்டிலை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தாள்.

"அழகுமுத்து."

கை நின்றது.

"அழகுமுத்து. நான் பேச்சி. இது ஆஸ்பத்திரிங்க."

அவர் கண்கள் எங்கெங்கோ அலைந்து, கடைசியில் அவள் முகத்துக்கு வந்து சேர்ந்தன.

"என்னாடி, பேரைச் சொல்லுற?"

"மிஸ்ஸி சொல்லச் சொன்னாங்க."

"கண்ணாலமான புதுசுல ஹட்டன் பஸ்ஸுல எம்புட்டுக் கெஞ்சுனேன். அப்ப வாயில கொழுக்கட்டை. மிஸ்ஸி சொன்னா மட்டும் சொல்லுவ."

"சும்மா கெடங்க. தையல் பிரிஞ்சிரும்."

"இன்னொருக்கா சொல்லு."

சொன்னாள். அன்று பகல் முழுவதும் சொன்னாள். அவர் மலைக்குப் போகும்போதெல்லாம் கூப்பிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தாள். மத்தியானம் நர்ஸ் மறுகைக் கட்டையும் அவிழ்த்தாள். காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. டாக்டர் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். பேச்சியம்மாவின் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

நாலு மணிக்கு நோர்வூட்டிலிருந்து பூரணி வந்தாள். அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஒங்கம்மாவுக்கு வாய் வந்திருச்சுடி," என்றார். பிறகு பேச்சியம்மாவின் பக்கம் திரும்பி, "வெசாழன்தானே?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

சரியாகச் சொன்ன பிள்ளையைப் போலச் சிரித்தார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து அவள் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். நர்ஸ் வந்து நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பேச்சியம்மாவின் தோளில் கை வைத்தாள்.

ஆஸ்பத்திரி ஆபீஸ் ஜன்னலில் கிளார்க் பெரிய புத்தகத்தைத் திறந்தார்.

"செத்தவர் பேர் என்ன?"

வழக்கம்போலப் பூரணி வாயைத் திறந்தாள். அதற்குள், "அழகுமுத்து," என்றாள் பேச்சியம்மா.

மகள் திரும்பிப் பார்த்தாள்.

கிளார்க் எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

"அழகுமுத்து," என்றாள் பேச்சியம்மா.

"எழுதியாச்சு அம்மா," என்றார் அவர்.