இலை நுனி வலப்பக்கம்

எல்லையோர ஊரான நல்லேப்பிள்ளியில் மருதாத்தாள் எடுத்த புகைப்படத்தில் யார் என்ன குறை சொன்னாலும், மறுநாள் விடிவதற்குள் அந்தப் படம் தன்னைத்தானே திருத்திக்கொண்டுவிடும். எழுபத்து நான்காம் வருஷம், வாய்க்காலில் இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் பிந்தி வந்த அதே மாதத்தில் இது தொடங்கியது. ஊரில் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

படம் என்னவோ சாதாரணப் படம்தான். கறுப்பு வெள்ளை. சாணம் மெழுகிய தரையில் ஒரு தலைவாழை இலை, அதில் சோறு, அவரைக்காய்ப் பொரியல், ஊறுகாய், ஒரு கிண்ணத்தில் ரசம், பக்கத்தில் பித்தளைச் செம்பு. ஆள் இல்லை. ஆள் இல்லாத படத்துக்கு எதற்கு ஃபிலிமைக் கெடுக்கவேண்டும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்டார்கள். அவளோ படத்தை நீட்டி, "எப்படி இருக்குதுங்?" என்று மட்டும் கேட்டாள். கருத்துக் கேட்டால் சொல்லாமல் போகிற ஆளை அந்தப் பக்கத்தில் எங்கே தேடுவது?

கேமரா அவள் புருஷன் அர்த்தநாரியுடையது. எழுபத்திரண்டில் கிழட்டு எருதை விற்று இளசாக ஒன்று வாங்கி வருகிறேன் என்று வேலந்தாவளம் சந்தைக்குப் போனவன், கழுத்தில் தோல் உறை போட்ட கேமராவோடு திரும்பி வந்தான். எருது இல்லை. மத்தியானம் இலை போட்டு உட்கார்ந்தபோது அண்ணன் செங்கோட்டையன் வாசலில் நின்றபடி, "எருத வித்துப் பொட்டி வாங்குனவனுக்குச் சோறு ஒரு கேடா?" என்று கேட்டுவிட்டார். அர்த்தநாரி எடுத்த முதல் கவளம் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அதை இலையிலேயே திரும்ப வைத்தான். தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்தான். பஸ் ஏறிப் போனவன் மலைமேல் வட்டவடையில் நிலம் குத்தகைக்கு எடுத்துப் பூண்டு போடுகிறான் என்று பிறகு தகவல் வந்தது. கேமரா ஆணியிலேயே தொங்கியது.

மருதாத்தாளுக்கு அவன்மேல் ஆசை. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வருஷம் அவன் வேட்டியைத் துவைத்து மடித்து, யாரும் உடுத்தாமலே அழுக்கான மாதிரி மறுபடி துவைத்தாள். ஆனால் இலையிலிருந்து எழுந்து போனவனைக் கடுதாசி போட்டுக் கூப்பிட முடியாது என்பது அவள் தீர்மானம். விட்டுப்போன சோற்றை அவன் முதலில் உண்டு முடிக்கவேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம். வட்டவடைக்குச் சோறு கட்டி அனுப்பினால் கெட்டுப்போகும். அதனால்தான் கேமராவை இறக்கித் தூசி தட்டி, அன்று என்ன சமைத்திருந்தாளோ அதையே சமைத்து, அதே இடத்தில் பரிமாறிப் படம் எடுத்தாள்.

முதல் குறையைச் சொன்னவர் ஃபிலிமைக் கழுவிக் கொடுத்த பக்கத்துச் சித்தூர் ஸ்டூடியோக்காரர். கல்யாண வீட்டையும் இழவு வீட்டையும் தவிர வேறெதையும் படம் பிடித்தறியாத மனுஷன். "வெளிச்சம் போரா, நிழல் கூடுதலாக்கும்" என்று வெளிச்சம் பற்றாததை மலையாளத்தில் சொன்னார். மறுநாள் காலையில் செம்பின் நிழல் பாதியாகக் குறைந்திருந்தது. செய்தி கேட்டு அவர் தன்னிடமிருந்த கல்யாணப் படங்கள் சிலவற்றை அந்தப் படத்தோடு ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தார். அவற்றில் மாப்பிள்ளைகள் கண் மூடியபடியேதான் இருந்தார்கள். மாட்டுத் தரகர் குப்பண்ணன் படத்தையும் மாட்டைப் பார்ப்பதுபோலத் தூரத்தில் வைத்து, கிட்டத்தில் வைத்து, சுழி இருக்கிறதா என்று ஓரமெல்லாம் தேடிவிட்டு, "வலத்த கனஞ் சாஸ்திங் அம்முணி, நொகத்தடி சாயுது. செம்ப நவுத்தோணும்" என்றார். செம்பு நகர்ந்தது. பொரியல் சிதறிக் கிடக்கிறது என்றார்கள், அது குவிந்தது. இலையில் கிழிசல் தெரிகிறது என்றார்கள், அதுவும் சேர்ந்துகொண்டது. நல்ல புத்தியுள்ள படம் என்று பெயர் வந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அது அடம் பிடித்தது. படத்தில் இலை நுனி வலப்பக்கம் இருந்தது. சோறு தூரத்திலும் பொரியல் கிட்டத்திலும் இருந்தன. இதைச் சொல்லாதவர்களே இல்லை. "ஏனம்முணி, எல நுனி எடப்பக்கமல்லோ இருக்கோணும்? எல போடக்கூடவா உனக்குத் தெரியாது?" என்று அடுத்த வீட்டு நாச்சம்மாள் நேராகவே கேட்டாள். மருதாத்தாள் சிரித்துக்கொண்டாள். ஊரே திரும்பத் திரும்பச் சொல்லியும் நுனி ஒரு நூல்கூட அசையவில்லை. நல்ல பிள்ளைக்கும் ஒரு முரட்டுக் குணம் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

ஊர் முழுக்கப் பார்த்த படத்தைச் செங்கோட்டையனுக்கு மட்டும் யாரும் காட்டவில்லை. அவளும் காட்டவில்லை, காத்திருந்தாள். உண்மையில் அவள் ஊரைக் கேட்டதே அந்தப் பேச்சு சுற்றிக்கொண்டு அவர் காதுக்குப் போகட்டும் என்றுதான். கடைசியில் அவரே ஒரு நாள் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து நின்றார். "எல்லாத்துக்கும் காட்டுறீங்களாமா." ஜானகியம்மாள், அவர் சம்சாரம், படத்தை வாங்கிக் கொடுத்தாள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நேரத்துக்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஒருவரும் போய் இறக்கவில்லை. "சோறு பத்தாது" என்றார் கடைசியில். "அவன் நல்லா உங்கறவன். இன்னொரு அகப்பை போட்டிருக்கோணும்." சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். விடிந்து பார்த்தால் இலையில் சோறு குன்றாக நின்றது. அன்றைக்கு மருதாத்தாள் அழுதாள். பிறகு முகம் கழுவிப் பொட்டு வைத்து, படத்தை எடுத்துக்கொண்டு வேலந்தாவளம் போனாள்.

வட்டவடைப் பூண்டை மூணாறிலிருந்து அந்தச் சந்தைக்கு ஏற்றிவரும் லாரியை ஓட்டியவன் சோலை, மலைக்காரன். அவனிடம் படத்தைக் கொடுத்து, அர்த்தநாரியிடம் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டுவரச் சொன்னாள். வேறொன்றும் சொல்லி அனுப்பவில்லை. அடுத்த லோடு வருவதற்குள் மழை வந்து, பாதை சரிந்து, சரிசெய்து, மறுபடி சரிந்தது. ஒருவழியாக சோலை வீடு தேடி வந்து படத்தைத் திருப்பிக் கொடுத்தான். "அவுக ஒண்ணுமே சொல்லலக்கா. வரப்புல இத வச்சு, முன்னால சம்மணம் போட்டு உக்காந்துட்டாக. பெறகு எந்திரிச்சுப் போயிக் கையக் கழுவிட்டு வந்து, குடுத்துருன்னாக." படத்தில் சோறு இல்லை. பொரியல் இல்லை, கிண்ணம் காலி. இலை மடிக்கப்பட்டிருந்தது.

அதைப் பார்த்து ஊரே வாசலில் கூடிவிட்டது. சாப்பிட்டவன் இலையைத் தன் பக்கமாக மடித்தால் உறவு வேண்டும், இன்னொரு முறை வருவேன் என்று அர்த்தம். எதிர்ப்பக்கமாக மடிப்பது இழவு வீட்டில் மட்டும்தான். இது இனி வேண்டாம் என்று அர்த்தம். படத்தில் கிட்டத்துப் பாதி எழும்பித் தூரத்துப் பாதியின்மேல் கவிழ்ந்திருந்தது. அர்த்தநாரி உறவை முடித்துக்கொண்டுவிட்டான் என்று நாச்சம்மாள் ஒரு மூச்சு அழுதுவிட்டு அடுத்த தெருவுக்குச் சொல்லப் போனாள். செங்கோட்டையன் துண்டால் தலையை மூடிக்கொண்டு களத்தில் உட்கார்ந்தார். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மருதாத்தாளின் அண்ணன் அப்புசாமி வண்டி கட்டிக்கொண்டு வந்து, தங்கச்சிக்குச் சீராகக் கொடுத்த அண்டா குண்டாவை ஏற்றத் தொடங்கினான். அவளோ பட்டு உடுத்தி உட்கார்ந்திருந்தாள். படம் வந்ததிலிருந்து அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஊரும் தன்னைப்போலவே சந்தோஷப்படுகிறது என்று நினைத்திருந்தவளுக்கு, அண்டா வாசல் தாண்டும்போதுதான் விஷயம் புரிந்தது.

"எங்கீங் அண்ணா தூக்கிட்டுப் போறீங்க? எறக்குங்க" என்றாள். படத்தைக் கொண்டுவந்து வாசலில், எல்லோருக்கும் முன்னால் தரையில் வைத்தாள். தான் ஒரு பக்கம் நின்றுகொண்டு, ஜானகியம்மாளின் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். "நான் எங்கக்கா நின்னு எடுத்தேன்? சோறு போடறவ எங்க நிப்பா? இப்பப் பாருங்க." ஜானகியம்மாள் குனிந்து பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் இலை நுனி ஒழுங்காக இடப்பக்கம் இருந்தது. இலை சாப்பிடுகிறவன் பக்கமாக, அவன் மடியை நோக்கி மடிந்திருந்தது. சோறு வைத்த இலையைப் பார்த்தால் யாருடைய மனசும் சாப்பிடுகிற இடத்தில்தான் போய் உட்காரும். பரிமாறியே காலம் தள்ளிய ஜானகியம்மாள்கூடப் படத்தில் என்றதும் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள், பாவம். ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார்கள். செங்கோட்டையன் கடைசியாக எழுந்து வந்து பார்த்தார், பார்த்துவிட்டு அண்டாவைத் தானே வண்டியிலிருந்து இறக்கினார்.

அதன் பிறகு ஒவ்வொரு பூண்டுச் சீசனுக்கும் ஒரு படம் மலையேறியது. ஒவ்வொன்றும் இலை மடித்துத் திரும்பியது. அர்த்தநாரி வருஷத்துக்கு ஒருமுறை வீட்டில் சாப்பிடுகிறான் என்று ஊரில் சகஜமாகப் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு அது போதவில்லை. படத்தில் வயிறு நிறையும், பக்கத்தில் ஆள் இருக்கிற சத்தம் வராது. வந்த படங்களை அவன் வேட்டிகளோடு டிரங்குப் பெட்டியில் அடுக்கினாள். ஆளை ஒரு தரமாவது படத்தில் எடுத்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

எழுபத்தெட்டில் படம் தொடப்படாமல் திரும்பி வந்தது. சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. சோலை ஒன்றும் தெரியாது என்று கையை விரித்தான். இந்த முறை ஊர் வாயைத் திறக்கவில்லை, ஒரு தடவை பட்டது போதும். மருதாத்தாள் படத்தை இரண்டு பக்கமும் நின்று பார்த்தாள். அங்கே சாப்பிடவில்லை என்றால் வேறெங்கோ சாப்பிடப்போகிறான் என்றுதானே அர்த்தம். உலையில் அரிசியைப் போட்டாள். ரெண்டு அகப்பை சேர்த்து வைக்கும்படி செங்கோட்டையன் கொல்லையிலிருந்தே சத்தம் கொடுத்தார்.

மத்தியான பஸ்ஸில் அர்த்தநாரி வந்தான். தலை பாதி நரைத்திருந்தது, மேலெல்லாம் பூண்டு வாசம். கைகால் கழுவிவிட்டு, எழுந்துபோன அதே இடத்தில் உட்கார்ந்தான். அண்ணன் எதிரே நின்று, போதும் போதும் என்று அவன் சொல்லச் சொல்லக் கேட்காமல் தன் கையாலேயே சோறு போட்டார். மருதாத்தாள் படம் எடுக்கும்போது நின்ற இடத்தில் நின்றாள். இலை நுனி அவளுக்கு வலப்பக்கம் இருந்தது. அவன் ரசத்தைக் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஊரையெல்லாம் கேட்டதை அவனிடமும் கேட்டாள். "எப்படி இருக்குதுங்?"

"ரசத்துல உப்புப் பத்தலை" என்றான் அர்த்தநாரி. "மொதப் படத்துலயே சொல்லோணும்னு இருந்தேன்."

மறுநாள் காலையில் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, எல்லாப் படங்களிலும் இலையோரத்தில் ஒரு சிட்டிகை உப்பு இருந்தது.