சிவப்பு கூடினால் இறங்காதே

தேனப்பன் வீட்டுக் கிணற்றை மூடியிருந்த பலகைகளைக் காலையிலேயே விலக்கியாகிவிட்டது. நாட்டரசன்கோட்டையில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும் பெரிய வீடு அது. அடுத்த வாரம் முன்னோருக்குப் படைப்பு. பங்காளிகள் எல்லாம் வந்துவிடுவார்கள். அதற்குள் தூர்வாரிக் கொடுக்கச் சொல்லி வீரையாவை அழைத்திருந்தார்கள்.

கிணறு வாருவதில் வீரையா பேர்போனவர். இன்றைக்கோ அவருக்குத் தலைகால் புரியவில்லை. காரைக்குடியில் ஆராய்ச்சி படிக்கும் மகள் மஹாலட்சுமி, தான் செய்த கருவியோடு கூடவே வந்திருந்தாள்.

"எம்மக செஞ்சது ஐயா. கீழ ஆக்சிஜன் இருக்கா இல்லையான்னு மேல நின்னே பாத்துரலாமாம். பாருங்க, தூண்டில் நரம்பு மாதிரி பிளாஸ்டிக் நூலு, இதுக்குள்ள வெளிச்சம் ஓடும்!" என்று கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லித் தீர்த்தார். மஹாலட்சுமிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சரி வீரையா, வெயில் ஏறுதுல்ல. கிணத்துல இறங்க இம்புட்டு வேடிக்கையா?" என்றார் தேனப்பன்.

இந்த அவசரம் புதிதல்ல. போன கோடையில் பக்கத்து ஊரில் ஒருவர் இப்படித்தான் இறங்கினார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கினார். இரண்டு பேரும் பிணமாக மேலே வந்தார்கள். முனி அடித்துவிட்டது என்றது ஊர். பழி சுமக்க முனி இருக்கும்போது, காற்றைச் சோதிக்காமல் ஆளை இறக்கியவரை யார் கேட்கப்போகிறார்கள்?

மஹாலட்சுமி நூலை உள்ளே விட்டாள். அதன் நுனியில் ஒரு சாயம் பூசியிருந்தது. கருவிப் பெட்டியிலிருந்து நீல வெளிச்சம் நூல் வழியே போய்ச் சாயத்தைத் தொட, சாயம் சிவப்பாக ஒளிர்ந்தது. அந்தச் சிவப்பு அதே நூல் வழியே திரும்பி வந்து பெட்டியின் சின்னக் கண்ணாடியில் தெரிந்தது. நூல் கீழே போகப் போகச் சிவப்பும் கூடியது.

வீரையாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. கயிற்றில் அரிக்கேன் விளக்கைக் கட்டி இறக்கி, எரிந்தால் இறங்கலாம், அணைந்தால் ஆகாது என்று பழகிய மனுஷன்.

"பாத்தீகளா, எம்மக விளக்கு எப்புடி எரியுதுன்னு! காத்து ஜம்முன்னு இருக்கு!" என்றவர், வேட்டியை மடித்துக் கட்டி, வடத்தைப் பிடித்து ஒரு காலை உள்ளே போட்டுவிட்டார்.

"அப்பா, இறங்காதீக!" மஹாலட்சுமி பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "அது விளக்கு இல்லப்பா! ஆக்சிஜன் இருந்தா அந்தச் சிவப்ப அமுக்கிப்புடும். ஆக்சிஜன் கொறையக் கொறையத்தான் அது நல்லா எரியும். இம்புட்டுச் சிவப்புன்னா கீழ மூச்சு விட வழியே இல்ல!"

வீரையா மெல்லக் காலை வெளியே எடுத்தார். மஹாலட்சுமி நூலை மேலே இழுத்துக் காட்டினாள்; சிவப்பு மங்கியது. மறுபடி இறக்கினாள், தகதகவென்று எரிந்தது. எல்லாரும் பார்த்தார்கள்.

தேனப்பன் மட்டும் அசையவில்லை. "படைப்பு கிட்டக்க வந்துருச்சே. அழகுசுந்தரம், நீ இறங்குறியா?" என்று வீரையாவோடு வந்த வேலையாளைப் பார்த்தார். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத அழகுசுந்தரம் துண்டை இடுப்பில் கட்டினார்.

வீரையா குறுக்கே வந்து நின்றார். "ஒருத்தரும் இறங்கமாட்டோம் ஐயா. காத்தடிக்கிற மிஷினு கொண்டாரச் சொல்லுங்க. சிவப்பு மங்குனா நானே இறங்குறேன். மங்காட்டி, படைப்புக்கு லாரித் தண்ணி வாங்கிக்கங்க."

அந்த வீட்டில் இப்படி நிமிர்ந்து நின்று பேசுவது அவருக்கே புதிது. தேனப்பன் கிணற்றையும் அழகுசுந்தரத்தின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தானே போனை எடுத்து மிஷினுக்குச் சொன்னார்.

காற்று உள்ளே போகப் போகச் சிவப்பு மங்கியது. அது நன்றாக அடங்கும்வரை மகள் விடவில்லை. அதன்பிறகே, இடுப்பில் பெல்ட் மாட்டி, மேலே ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, மிஷின் ஓட ஓட வீரையா இறங்கினார். முதல் கூடைச் சேறு மேலே வந்தது.

வேலை முடிந்து மேலே வந்தவரிடம் தேனப்பன், "நீ பயந்துட்டன்னு நெனச்சேன் வீரையா. தப்பு எம்மேலதான்" என்றார்.

"பயந்துதான் போனேன் ஐயா. பயமில்லாம இறங்குறதத்தான் இத்தன வருசமா பெருமைன்னு நெனச்சுக் கெடந்தேன். இன்னைக்கு எம்மக என்னைய வெளிய இழுத்துப் போட்டா பாருங்க, அதுதான் பெருமை! காத்தச் சோதிக்காம ஒரு உசுர உள்ள இறக்குனா, அதுக்குப் பேரு வேலை இல்ல ஐயா, கொலை. இனிமே என்னையக் கெணத்துக்குக் கூப்பிடுறவுக, மொதல்ல எம்மகளக் கூப்பிடுங்க!"