தட்டிக்கு அந்தப் பக்கம்

ஐப்பசி மழை நாலாவது நாளாக விடவில்லை. செல்லக்கிளி மாட்டுக்கொட்டத்தில் குனிந்து, சாணியும் மழைத்தண்ணியும் கலந்த சேற்றை மண்வெட்டியால் வழித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். தள்ளத் தள்ள வந்தது. தலையில் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்த உரச்சாக்கு நனைந்து, கழுத்து வழியாக முதுகுக்குள் தண்ணீர் இறங்கியது. மாடு கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தது. படுக்க அதற்குக் காய்ந்த இடம் இல்லை.

எதிரே இருபதடி தள்ளி அவள் கொழுந்தன் வேலுமணியின் வீடு. தளம் போட்டு மூன்று வருடமாகிறது. அங்கே குக்கர் விசில் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது விசிலில் செல்லக்கிளிக்கு வயிறு எரிந்தது. அவள் வீட்டில் விறகு நனைந்து, விடிந்ததிலிருந்து ஊதி ஊதிக் கண் சிவந்ததுதான் மிச்சம். ஒரு வாய் வரக்காப்பி இன்னும் குடித்தபாடில்லை.

"மதினி, இந்தக் கயித்தச் செத்த பிடிங்க."

வேலுமணி மில் சட்டையோடு நின்றிருந்தான். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் அவனுக்கு வேலை. பகல் ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், கையில் ஒரு நீலத் தார்ப்பாயை வைத்துக்கொண்டு பிரிக்கத் தெரியாமல் பிரித்துக்கொண்டிருந்தான். புது பிளாஸ்டிக் வாடை மழையையும் மீறி வந்தது.

"ஏது தம்பி இது?"

"வெவசாய ஆபீஸ்ல குடுத்தாங்க மதினி. பட்டா இருக்கவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு."

செல்லக்கிளி கயிற்றின் நுனியைப் பிடித்தாள். ஆளுக்கு ஒண்ணு. அவள் ஆளில்லை போலிருக்கிறது.

வெங்காயப் பட்டறை இரண்டு வீட்டுக்கும் நடுவில், வேப்பமரத்தை ஒட்டி இருந்தது. முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கி, அதன்மேல் மூங்கில் பரப்பி, நாலு பக்கமும் விரல் நுழையும் இடைவெளி விட்டு மூங்கில் பிளாச்சு கட்டி, மேலே தென்னங்கீற்று வேய்ந்தது. உள்ளே சின்ன வெங்காயம். நடுவில் ஒரு ஓலைத் தட்டி. தெற்குப் பாதி வேலுமணிக்கு, வடக்குப் பாதி செல்லக்கிளிக்கு. இரண்டும் தையில் நடுவதற்கு வைத்த விதை. அது போனால் தன் பங்கு ஒரு ஏக்கரைச் சும்மா போட்டுவிட்டு, செல்லக்கிளி ஊரார் காட்டுக்குக் களையெடுக்கப் போகவேண்டியதுதான். மகள் பானுப்ரியா திண்டுக்கல்லில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அந்தப் படிப்பும் இந்த வெங்காயத்துக்குள்தான் இருந்தது.

தார்ப்பாய் முழுப் பட்டறைக்கும் எட்டவில்லை. வேலுமணி தன் பாதிக் கூரையை மூடி, மிச்சத்தை மூன்று பக்கமும் தரைவரைக்கும் தொங்கவிட்டு, விளிம்பில் கல்லைத் தூக்கி வைத்தான்.

"ஒரு பொட்டுத் தண்ணி எறங்காது பாருங்க," என்றான்.

தண்ணி இறங்காது. காற்றும் இறங்காது. பட்டறையின் பக்கத்தை அடைத்தால் வெங்காயம் உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும் என்பது செல்லக்கிளிக்குத் தெரியும். மில்லில் நூல் ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. அவன் அண்ணன், அவள் புருஷன் நல்லுசாமி இருந்தவரைக்கும் அவனுக்கு வெங்காயத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவையே வரவில்லை. பக்கத்தை மூடாதீங்க தம்பி என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள்.

அப்போதுதான் நாகஜோதி குடையோடு வாசலுக்கு வந்தாள். வேலுமணியின் பெண்டாட்டி. அம்மா வீடு சின்னாளபட்டி. கட்டியிருந்த சுங்குடிச் சேலையில் ஒரு துளி சேறில்லை.

"மிச்சமிருந்தா ஒங்க பக்கமும் இழுத்து விட்றலாம்னுதான் பாத்தோம்க்கா. பத்தல," என்றாள்.

மிச்சமிருந்தா. செல்லக்கிளி வந்த வார்த்தையை விழுங்கிவிட்டாள்.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க தம்பி," என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுக்கப் போனாள்.

நாலு வருடம் முன்னால் நல்லுசாமி மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தான். மாமனார் பெயரில் கிடந்த இரண்டு ஏக்கர் பட்டாவை, கருமாதி முடிந்த கையோடு வேலுமணி தன் பெயருக்கு மாற்றினான். "ரெண்டு பேரும் ஆபீஸ் ஆபீஸா அலைய வேணாம் மதினி. இப்பைக்கு என் பேர்ல இருக்கட்டும், பின்னாடி பிரிச்சுக்கிடலாம்," என்றான். வஞ்சகமாகச் சொல்லவில்லை. அவளும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு மானிய உரம் அவன் பெயருக்கு வந்தது. மருந்தடிக்கிற மிஷின் அவன் பெயருக்கு வந்தது. கேட்டால் கொடுப்பார்கள். இல்லையென்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் கேட்க வேண்டும். கிணற்று மேட்டிலிருந்து வாய்க்கால்வரை தன் கையால் வெட்டிய காட்டுக்கு, மருந்தடிக்கிற மிஷினை நாகஜோதி வாசலில் போய் நின்று கேட்க வேண்டும்.

நாகஜோதி கெட்டவளாக இருந்தாலாவது நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொள்ளலாம். அதற்கும் வழியில்லை. வாய் நிறைய அக்கா, அக்கா என்பாள். அவள் குதிகாலில் வெடிப்பில்லை. அவள் வீட்டில் மழைக்கு எங்கேயும் பாத்திரம் வைக்க வேண்டியதில்லை. சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டதும் எட்டிப் பார்க்க அவளுக்கு ஒரு ஆள் இருந்தான். இதையெல்லாம் செல்லக்கிளி எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணாமலே எல்லாம் கண்ணில் பட்டது.

தார்ப்பாய் கட்டிய மூன்றாம் நாள் நாகஜோதி வந்து கூப்பிட்டாள்.

"அக்கா, எங்க பக்கம் செத்த கை விட்டுப் பாருங்களேன். அவரு பாக்கச் சொல்லிட்டுப் போனாரு. எனக்கு என்னத்தத் தெரியுது."

பட்டறை போட்டவர்கள் மழைக்காலத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை வெங்காயத்துக்குள் முழங்கைவரைக்கும் கையை விட்டுப் பார்ப்பார்கள். குளுமையாக இருந்தால் கவலையில்லை. கதகதவென்றிருந்தால் அன்றைக்கே பிரித்துப் பரப்பிவிட வேண்டும். ஊரில் செல்லக்கிளி கைக்கு ஒரு பெயர் இருந்தது. கல்யாணமாகி வந்த முதல் வருடமே அவள் கைவிட்டுச் சொல்லி, மாமனார் ஒரு பட்டறையைக் காப்பாற்றியிருக்கிறார்.

தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினாள். பிளாச்சு இடைவெளியில் கையை நுழைத்து, குவியலுக்குள் மெல்ல ஏற்றினாள். மேலாக ஈரப்பதம். முழங்கையைத் தாண்டியதும் சூடு. கன்று போட்ட மாட்டின் மடியில் கை வைத்ததுபோல் இருந்தது.

"எப்பிடிக்கா இருக்கு?"

நாகஜோதி குடையை அவள் தலைக்கு மேலே பிடித்திருந்தாள். குடை பிடித்த கையில் இரண்டு புது வளையல். தீபாவளிக்கு வாங்கியதாக இருக்கும்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் செல்லக்கிளி.

"அப்பாடா. பயந்துக்கிட்டே இருந்தேன்."

கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், ஒருநாள் வெந்தால் பாதி போகும், முழுசாகப் போகாது என்று நினைத்தாள். பாதி போகட்டும். ஒருதரமாவது அவர்களுக்கும் ஏதாவது பத்தாமல் போகட்டும்.

பொழுது சாய வேலுமணி பேகம்பூர் வழியாக வந்தவன் பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்திருந்தான். நாகஜோதி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். வைத்துவிட்டுப் போ என்று சொல்லி, நாய்க்குப் போடத்தான் எடுத்தாள் செல்லக்கிளி. காலையிலிருந்து வெறும் நீச்சத்தண்ணி குடித்த வயிறு. உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் தின்றாள். ருசியாக இருந்ததே அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

மறுநாள் காலை தன் பக்கம் கை விட்டுப் பார்த்தாள். வெளிப்பக்கம் குளுமை. உள்ளே போகப் போக, தட்டியை ஒட்டிய இடத்தில் கதகதப்பு. கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். தட்டி வெறும் ஓலை. எது எந்தப் பக்கத்துச் சூடு என்று அதற்குத் தெரியாது. ஊருக்கே கை பார்த்துச் சொல்கிறவளுக்கு இது நேற்றுத் தோன்றவில்லை.

அள்ளிப் பரப்பிவிடலாம். எங்கே பரப்புவது? அவள் வீட்டுத் தகரத்தில் ஆறு இடத்தில் ஒழுகியது. அடுப்படியில் குண்டான், நடுவில் வாளி, படுக்கிற இடத்தில் ஈயச்சட்டி. காய்ந்த இடம் இருந்தது ஒன்றுதான், நாகஜோதியின் முன் அறை. டைல்ஸ் பதித்த, காத்தாடி சுற்றுகிற அறை. கேட்டால் கொடுப்பாள். ஆனால் ஏன் என்று கேட்பாள். நேத்து நல்லாயிருக்குன்னு சொன்னீங்களேக்கா என்பாள்.

இரண்டு தரம் அந்த வாசல்வரை போனாள். முதல் தரம் நாகஜோதி யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாம் தரம் கதவு சாத்தியிருந்தது. தட்ட மனம் வரவில்லை. திரும்பி வந்து, தட்டி ஓரத்து வெங்காயத்தை மட்டும் கைக்கெட்டினவரை ஒரு சாண் அகலத்துக்கு இழுத்து விலக்கினாள். அடியில் கிடந்தது அசையவில்லை. இன்றைக்கு மழை விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விடவில்லை.

தார்ப்பாய் கட்டிய ஏழாம் நாள் விடியும்போதே வாடை வந்துவிட்டது. அழுகின வெங்காய வாடையை யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. வேலுமணி தார்ப்பாயைப் பிடுங்கி எறிந்தான். உள்ளேயிருந்து ஆவி கிளம்பியது. பிளாச்சைப் பிரித்ததும் குவியல் கொழகொழவென்று சரிந்து வழிந்தது. தட்டி ஊறி இற்றுப்போயிருந்தது. வடக்குப் பக்கமும் அதே கொழகொழப்பு. முறம் முறமாக அள்ளிக் கொட்டியதில் இரண்டு பாதியும் ஒரே குவியலாகிவிட்டது. எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

நாகஜோதி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுங்குடிச் சேலை நாசமானது. இப்படி அவளைப் பார்க்க வேண்டுமென்று செல்லக்கிளி எத்தனையோ நாள் ஆசைப்பட்டதுண்டு. பார்த்தபோது ஒன்றும் இனிக்கவில்லை.

"தார்ப்பாயப் போட்டு மூடி நாங்கதான் கெடுத்துப்புட்டோம்," என்று நாகஜோதி அழுதாள். "ஒங்க வெங்காயமும் எங்களாலதானக்கா போச்சு."

"அழுவாத. மழை பேஞ்சா என்ன செய்ய."

"ஒங்க கைக்கே தட்டுப்படலைன்னா வேற யாருக்குத் தட்டுப்படும்."

செல்லக்கிளி கையைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் அழுகல் ஏறியிருந்தது. "நாகஜோதி, அன்னைக்கு கை விட்டப்ப..." என்று ஆரம்பித்தாள். வேலுமணி நிமிர்ந்து பார்த்தான். "அன்னைக்கு இம்புட்டு மோசமில்ல," என்று முடித்துவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள்.

மதியத்துக்கு மேல் மழைச்சேதம் கணக்கெடுக்க ஆபீஸிலிருந்து ஒரு அம்மா ஸ்கூட்டரில் வந்தாள். பெயர் டெய்சி என்று கழுத்து அட்டையில் இருந்தது. மழைக்கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு, குவியலைப் பார்த்து, "ஐயோ பாவமே, எல்லாமே போச்சா," என்றாள். அந்தப் பாவத்தில் பொய்யில்லை.

"பட்டா யாரு பேருல?"

"என் பேர்லதாங்க மேடம், வேலுமணி," என்றான்.

"இதுல பாதி எங்க அக்காவோடது மேடம்," என்றாள் நாகஜோதி. "அவங்க பேரையும் எழுதிக்கங்க."

டெய்சி போனை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள்.

"ஒரு பட்டாவுக்கு ஒரு பேருதான்மா ஏறும். நான் எழுதினாலும் இது எடுக்காது. நிவாரணம் வந்தா உங்களுக்குள்ள பிரிச்சுக்கங்க."

"குடுத்துருவோம் மதினி," என்றான் வேலுமணி. "வரட்டும், கையோட குடுத்துருவோம்."

கேட்டால் கொடுப்பார்கள்.

"போட்டோ எடுக்கணும். பட்டாக்காரரு சேதத்துக்குப் பக்கத்துல நில்லுங்க. வீட்டம்மாவும் நிக்கலாம்." டெய்சி போனைத் தூக்கினாள். போன் கண்ணாடியில் மழைத்துளி விழுந்தது. துடைத்தாள், மறுபடி விழுந்தது. குவியலின் ஓரத்தில் முறத்தோடு நின்றிருந்த செல்லக்கிளியைப் பார்த்தாள். "நீங்க படத்துல வர்றீங்கம்மா. செத்த இந்தப் பக்கம் வந்து குடையப் பிடிக்கிறீங்களா?"

செல்லக்கிளி முறத்தை வைத்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, டெய்சி பையிலிருந்து எடுத்து நீட்டிய குடையை வாங்கி, போனுக்கு மேலே பிடித்தாள். அவள் தலை குடைக்கு வெளியே இருந்தது.

அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் வேலுமணி கைகட்டி நின்றான். பக்கத்தில் சேறுபட்ட சேலையோடு நாகஜோதி. காலடியில் குவியல் முழுசாக, தெற்கும் வடக்கும் ஒன்றாக விழுந்திருந்தது. அழுகிப்போன வெங்காயத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்துச் செல்லக்கிளிக்குப் பொறாமையாக இருந்தது.

"குடைய ஆட்டாம பிடிங்கம்மா," என்றாள் டெய்சி.

செல்லக்கிளி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.