நியூட்ரலில் என் வீட்டுக்காரர்

இதை எனக்கு முதலில் சொன்னது என் நாத்தனார் ஜெசிந்தா. எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் நாள், சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி, அண்ணன் காரோட கியர் பாக்ஸை என்னைக்காவது இறக்க வேண்டி வந்தா, லீவரை வண்டி நகராத 'பார்க்'ல போட்டுட்டு இறக்கச் சொல்லுங்க. எந்த நிலையில இறக்குறாங்களோ, திரும்ப மாட்டுற வரைக்கும் அண்ணனும் அதே நிலையிலதான் இருப்பாரு."

சரி என்று சொல்லிவிட்டு நான் வெங்காயத்தை உரித்தேன்.

எங்கள் கார், என் மாமனார் ஓர் எஸ்டேட் துரையிடம் வாங்கியது. படகு மாதிரி நீளம். கிளட்ச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். மூன்று வருடத்துக்கு முன்னால் அதிலிருந்து சிவப்பு ஆயில் ஒழுக ஆரம்பித்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் தண்டபாணி வந்து கியர் பாக்ஸை இறக்கிக்கொண்டு போனார். அந்த நேரம் பார்த்து நான் பூசைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது லீவர் நியூட்ரலில் இருந்தது. என் வீட்டுக்காரர் சந்தியாகுவும் நியூட்ரலில் இருந்தார்.

நியூட்ரலில் இருப்பவரால் பெரிய தொந்தரவு இல்லை, அதனால் பாக்ஸைத் திரும்ப மாட்ட நாங்களும் அவசரப்படவில்லை. வேளைக்குச் சாப்பிடுவார், பேப்பர் படிப்பார், சத்தமும் போடுவார். எவ்வளவு சத்தம் போட்டாலும் இடத்தை விட்டு நகர மாட்டார், அவ்வளவுதான். ஆனால் எங்கள் குன்னூரில் சமதளம் ஏது? வாசலில் உட்கார வைத்தால் நாற்காலியோடு சரிவில் இறங்கிவிடுவார். அதனால் அவர் காலுக்கு முன்னால் ஒரு கல்லை வைத்துவிடுவோம். ஒருநாள் என் மகள் ரெஜினா வாசலைக் கூட்டுவதற்காகக் கல்லை நகர்த்தினாள், திரும்ப வைக்க மறந்துவிட்டாள். அவர் பேப்பரும் கையுமாக ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டார். அங்கே அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, நாலு பேர் பின்னாலிருந்து தள்ளி மேலே ஏற்றிவிட்டார்கள்.

"டீ நல்லா இருந்துச்சு," என்றார் அவர்.

இப்படியே காலம் போயிருக்கும். அதற்குள் ரெஜினாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. எங்கள் வீட்டிலிருந்து மாதா கோவிலுக்கு மேல்நோக்கி நாற்பத்தாறு படி.

"அப்பா என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்மா," என்றாள் ரெஜினா. "பின்னாடி நாலு பேர் தள்ளிக்கிட்டு வர்றதெல்லாம் வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பார்ப்பாங்க."

"நான் எப்பவோ ரெடி," என்றார் அவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது நான் பட்டறைக்குப் போனேன். போன மழையில் உள்ளே தண்ணீர் புகுந்து, கட்டியிருந்த பெயர்ச் சீட்டெல்லாம் கரைந்துவிட்டதாம். தார்ப்பாய்க்கு அடியில் மூன்று கியர் பாக்ஸ் இருந்தன.

"உங்களுது எதுன்னு நீங்கதாங்க்கா காட்டணும்," என்றார் தண்டபாணி. "நானா ஒண்ணை எடுத்து மாட்ட மாட்டேன். ஸ்டான்லி சார் விஷயத்துல பட்டது போதும்."

ஸ்டான்லி சார் விஷயம் ஊருக்கே தெரியும். பாக்ஸை மாற்றி மாட்டிய அன்றைக்கே அவர் எழுந்து நேராகப் பாலக்காட்டில் அந்த பாக்ஸ் வந்த வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று அந்த வீட்டில் கேட்டார்களாம். இன்றைக்கும் அங்கே சௌக்கியமாகத்தான் இருக்கிறார். இங்கே இருக்கும் அவர் மனைவிக்குக் கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் வாழ்த்து அட்டை வருகிறது.

நான் வெறுங்கையோடு போகவில்லை. கியர் பாக்ஸுக்கு அடியில் ஆயில் நிற்கிற தட்டு ஒன்று உண்டு. அதற்கும் பாக்ஸுக்கும் நடுவில் கார்க்கில் வெட்டிய பேக்கிங் இருக்கும். எங்கள் காரில் ஒரு தடவை மாற்றிய பழைய பேக்கிங்கை என் மாமியார் எறியாமல், திரு இருதய ஆண்டவர் படத்தைச் சுற்றிச் சட்டமாக ஒட்டி வைத்திருந்தார். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதைப் பிரித்து எடுத்து வந்திருந்தேன்.

தண்டபாணி அதை வெளிச்சத்தில் பிடித்து போல்ட் ஓட்டைகளை எண்ணினார். "பதினாலு. ஒரு மூலை சாய்வா வெட்டியிருக்கு." மூன்று தட்டுகளிலும் வைத்துப் பார்த்தார். ஒன்று நல்ல சதுரம், பதினாறு போல்ட். அதைத் திரும்பவும் தார்ப்பாய் போட்டு மூடினார். மற்ற இரண்டிலும் பேக்கிங் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"ரெண்டும் ஒரே அச்சுங்க்கா. இனிமே ஜெபம்தான்."

தண்டபாணி நெற்றி நிறையப் பட்டை போடுகிறவர். ஆனால் பட்டறைக்கு வருகிற பாக்ஸில் பாதி எங்களைப் போன்ற வேதக்காரர் வீட்டு பாக்ஸ் என்பதால் முறை தெரியும். முதல் பாக்ஸை ஸ்டாண்டில் ஏற்றி மோட்டாரை இணைத்தார். அதற்குப் பின்னால் ஒரு பழைய பின்சீட்டைப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். நான் காரில் எப்போதும் பின்சீட்டில்தான் ஜெபமாலை சொல்வேன்.

"அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினேன். மோட்டார் சுற்றியது, கியர் விழவில்லை.

"கோவில்ல ஜெபத்தை மாத்துறதுக்கு முந்தின பழைய வார்த்தையில சொல்லிப் பாருங்க," என்றார் அவர்.

என் மாமியார் சொல்வது போல "பிரியதத்தத்தினாலே" என்று தொடங்கினேன். முதல் மணியிலேயே கியர் விழுந்தது. இரண்டாவது பாக்ஸும் அப்படியே. தண்டபாணி காதிலிருந்து பென்சிலை எடுத்து, இரண்டின் மேலும் 'எழுபதுக்கு முந்தியது' என்று எழுதினார்.

அப்புறம் ஒவ்வொன்றுக்கும் முழு ஜெபமாலை சொன்னேன். முதல் பாக்ஸ் பத்துப் பத்தாக வரும் ஐம்பது மணியையும் ஒரு உதறல் இல்லாமல், மணிக்கு மணி சரியாக வாங்கிக்கொண்டு, கடைசியில் சொல்லும் மாதா பிரார்த்தனை வரைக்கும் கூடவே வந்தது. இரண்டாவது பாக்ஸ் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போதே சின்னதாக ஒரு உதறு உதறியது. மூன்றாவது பத்தில் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். நாலாவது பத்தில் மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தது, பாக்ஸ் நின்றுவிட்டது. நான் நிறுத்தாமல் ஐந்தாவது பத்தையும் முடித்தேன். பிரார்த்தனையின் முதல் வரியைச் சொன்னதும், என்னமோ அதுவரை முழித்திருந்த மாதிரி டக்கென்று கியரைப் பிடித்துக்கொண்டது.

முப்பத்து நாலு வருடமாக ஜெபமாலை நேரத்தில் என் வீட்டுக்காரர் இதைத்தான் செய்கிறார்.

"இதுதான் தம்பி," என்றேன்.

தண்டபாணி கையைத் துடைத்துக்கொண்டார். "ஒரு தடவை யோசிச்சுக்கங்க்கா. அந்த முதல் பாக்ஸ் தூங்காது. அதை மாட்டினா அண்ணன் கடைசி மணி வரைக்கும் உங்களோட முழிச்சிருப்பாரு. பாத்திரம்கூடத் தேய்ச்சுக் கொடுப்பாரோ என்னவோ."

இத்தனை வருடமாக நான் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்ததும் அதுதான். முதல் பாக்ஸின் மேல் கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. நான் அடுத்ததைச் சொல்வேன் என்று அது காத்திருந்தது.

"ரெஜினா அவ அப்பா கையைத்தான் தம்பி கேட்டா," என்றேன். "தூங்குறதையே மாட்டிருங்க."

சனிக்கிழமை காலையில் மாட்டினார்கள். தண்டபாணி லீவரை டிரைவில் போட்டதும் என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து, பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எங்க போகணும்?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை அவர் ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டு நாற்பத்தாறு படியும் ஏறினார். பன்னிரண்டாவது படியில் இரண்டாம் கியருக்கு மாறும்போது ஒரு உதறு உதறினார். ரெஜினா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். மாப்பிள்ளை பீடத்துக்கு முன்னால் நின்றார். அவருடையது மின்சாரக் கார், அதில் கியரே கிடையாது. அதனால் அவர் புறப்படுவதற்கு முன்பே வந்துவிட்டிருந்தார். வீட்டில் அவர் இன்னும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பதாகப் போன் வந்தது.

சாமியார் பிரசங்கத்தை நீட்டினார். என் வீட்டுக்காரருக்குக் கண் சொருகியது. கோவில் தரையும் வாசலைப் பார்த்துக் கொஞ்சம் சரிவுதான். நான் கைப்பையிலிருந்து கல்லை எடுத்து அவர் காலுக்கு அணையாக வைத்தேன்.

அந்த முதல் பாக்ஸைத் தேடி இதுவரைக்கும் யாரும் வரவில்லை. மோட்டாரைக் கழற்றிய பிறகும் அது மணி ஆறானால் தானாகச் சுற்றுகிறது என்று தண்டபாணி சொன்னார். நீங்கள் மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கினால், அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஜெபமாலை சொல்லிவிட்டுப் போங்கள். பழைய ஜெபம் தெரியாவிட்டால் தண்டபாணியே எடுத்துக் கொடுப்பார். பாதியில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள், மீதியைக் கேட்க அது உங்கள் பஸ்ஸில் ஏறிவிடும்.