லிஃப்ட் குழியில் மூன்றாவது கேள்வி

நாலு மாதமாக எனக்குத் தூக்கம் இல்லை. லிஃப்ட் மெக்கானிக் தூங்காவிட்டால் கம்பெனிக்கும் தூக்கம் போய்விடும். மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, படிவத்தைப் பார்த்தார்.

"நெருங்கிய நண்பர் ஒருத்தர் வந்து உங்களப் பத்தி மூணு கேள்விக்குப் பதில் சொல்லணும். இல்லன்னா வேலைக்குச் சான்றிதழ் கிடையாது."

"நண்பரே இல்லன்னா?"

"அதுக்குத் தனிப் படிவம் இருக்கு. ரொம்ப நீளம்."

என்னோடு வேலை செய்யும் நெட்டையை இழுத்துவந்தேன். பத்தொன்பது வருடமாக அவன் மேலே மோட்டார் அறையில், நான் கீழே குழியில். என் உயிரே அவன் கையில்தான். இதைவிட என்ன நெருக்கம் வேண்டும்?

"இவர் மனைவி பேரு?" என்றார் மருத்துவர்.

நெட்டை கூரையைப் பார்த்தான்.

"எத்தனை பிள்ளைங்க?"

"இருக்கும் சார், ரெண்டு மூணு."

"இவருக்கு என்ன கவலை?"

"போன வாரம் ஒரு ஸ்பேனர் காணாமப் போச்சு சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவன் வீட்டைப் பற்றி எனக்கும் ஒரு மண்ணும் தெரியாது. முகத்துக்கு முகம் பார்த்தால் எங்கள் இருவருக்கும் வாய் ஒட்டிக்கொள்ளும். பேச்சு என்றால் வேலையில்தான்: ஏத்து, இறக்கு, நிறுத்து. அதைச் சொன்னதும் மருத்துவர் எழுந்தார்.

"இங்கயும் லிஃப்ட் இருக்கே. அங்க போய்ப் பேசுங்க."

நெட்டை மேலே போய் லிஃப்டை மூன்றாம் மாடிக்கு மேல் நிறுத்தினான். நான் குழியில் இறங்கினேன். லிஃப்டுக்குள் ஆள் இருக்கிறதா என்று இருவருமே பார்க்கவில்லை. அதுவரை அந்த மாதிரித் தப்பு நாங்கள் செய்ததே கிடையாது.

"எங்கண்ணன் செத்து நாலு மாசம் ஆச்சுடா," என்று கத்தினேன்.

மேலேயிருந்து, "நான் எங்கடா இருந்தேன் அன்னிக்கு?"

"என்கூடத்தான். கம்பி மாத்திக்கிட்டிருந்தோம். போன் வந்துச்சு."

"ஏண்டா சொல்லல?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். 'ஏத்து'ன்னுதான் வாயில வந்துச்சு. நீயும் ஏத்திட்ட."

நடுவில் தொங்கிய லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு குரல் தொண்டையைச் செருமியது. "என்கிட்ட வீட்ல யாரும் பேசி மூணு வருஷம் ஆச்சுங்க."

"கொஞ்சம் தள்ளுங்க, நானும் சொல்லணும்," என்றது இன்னொரு குரல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உடனே இறக்கிவிடச் சொல்றேன்," என்றேன்.

"அவசரமில்ல தம்பி," என்றார்கள் இருவரும்.

மருத்துவர் குழியின் விளிம்பில் நின்றபடி மேலே பார்த்து, "இவருக்கு என்ன கவலை?" என்று மறுபடி கேட்டார்.

"அண்ணன் போயிட்டாரு சார். நாலு மாசமா ஒத்தையா மனசுல வச்சிக்கிட்டு இருந்திருக்கான். நான் ஒரு மடையன், பக்கத்துலயே இருந்தேன்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. குழி முழுக்கக் கேட்கும்படி, வெட்கமில்லாமல் அழுதேன். என்னை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

மருத்துவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். மற்ற இரண்டு கேள்விகளையும் அடித்துவிட்டார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஏணியைப் பிடித்து என் பக்கத்தில் இறங்கி நின்று, மேலே பார்த்தார்.

"கேக்குதா?" என்றார்.

"கேக்குது சார்," என்றான் நெட்டை. "சொல்லுங்க."