நாலு நாற்காலி ஆஸ்பத்திரி

என் தம்பி ஆஸ்பத்திரி மேலாளர். எள் என்றால் எண்ணெயாக நிற்பவன். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்த அரை மணிக்குள் டாக்டர் பார்த்தால் முழு மதிப்பெண் என்று மேலிடம் உத்தரவு போட்டது. வேறொருவனாக இருந்தால் இன்னொரு டாக்டரைக் கேட்டிருப்பான். இவன் நாலே நாற்காலியை விட்டுவிட்டு மிச்சத்தைக் கிடங்கில் போட்டுப் பூட்டினான்.

உட்கார்ந்தவர்களுக்குத்தான் டோக்கன். வராந்தாவில் நிற்கும் கூட்டம் காற்று வாங்க வந்த கூட்டம். ஆஸ்பத்திரி முதலிடம் பிடித்தது. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். முழங்கால் வீங்கி, கிளட்சை மிதிக்க முடியாமல் கிடந்தார். இப்படியே போனால் வேலை போய்விடும். இரண்டு முறை போய், சாயங்காலம் வரை நின்றுவிட்டுத் திரும்பினார். தம்பிக்குப் போன் போட்டேன்.

"அக்கா, மாமாவை உள்ள விட்டா என் மார்க் போயிடும்."

"அவர் கால் போனா பரவாயில்லையாடா?"

"கொஞ்சம் நிக்கச் சொல்லுக்கா. நிக்கறவங்களை நாங்க கணக்குல எடுக்கறதில்ல."

வந்ததே எனக்குக் கோபம்! மறுநாள் மேலிடத்து அம்மா ஒருவர் சோதனைக்கு வருவதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் சாப்பாட்டு மேசை நாற்காலியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், அந்த நாலுக்குப் பக்கத்தில் போட்டு என் வீட்டுக்காரரை உட்கார வைத்தேன்.

"இவருக்கு ஏன் டோக்கன் கொடுக்கல?" என்றார் அந்த அம்மா.

தம்பிக்கு வேர்த்துக் கொட்டியது. "மேடம், அது... அவங்க வீட்டு நாற்காலி."

"யார் வீட்டு நாற்காலின்னு உத்தரவுல இருக்கா?"

என்னைக் கடித்துக் குதறுவதுபோல் பார்த்துக்கொண்டே டோக்கனை நீட்டினான்.

டாக்டர் முழங்காலை அழுத்திப் பார்த்தார். "மருந்து தரேன். சீக்கிரமே பஸ் ஓட்டலாம். ஆமா, ரொம்ப நேரம் நின்னீங்களா?"

"ஆமா டாக்டர். உங்க வராந்தாவுலதான்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெளியே வந்தால், எங்கள் நாற்காலியில் ஒரு கர்ப்பிணிப் பெண் உட்கார்ந்திருந்தாள். கையில் டோக்கன். பின்னால் வராந்தாவே வரிசை கட்டி நின்றது.

தம்பி ஓடி வந்தான். "அக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும், அதை எடுத்துட்டுப் போயிடு!"

"அஞ்சாவதா இருக்கட்டும்டா."

"அப்புறம் நான் உன் வீட்டுக்குச் சாப்பிட வந்தா எதுல உட்கார்றது?"

"நின்னுக்கோ. நிக்கறவங்களை நாங்களும் கணக்குல எடுக்கறதில்ல."